ஓ-யூ-ஜி-எச் வரும் ஆங்கிலச் சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் வரும் ஆங்கிலச் சொற்கள் பாடப் புத்தகத்திலும் அலுவலகக் கடிதத்திலும் அன்றாடம் கண்ணில் படுபவை. வாசிக்கும்போது உச்சரிப்பு தடுமாறும், எழுதும்போது எழுத்து தடுமாறும். ரஃப், காஃப், தோ, த்ரூ, ப்ளவ், தாட், தரா என்ற ஏழு சொற்களிலும் இருப்பது அதே நான்கெழுத்துதான். ஒலியோ ஏழு விதம்.

முதல் தவறு, இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி இருக்கும் என்று தேடுவது. பழைய ஆங்கிலத்தில் தொண்டையில் உரசி எழும் ஓர் ஒலி இருந்தது. அதைக் குறிக்க வந்ததுதான் ஜி-எச். மகளைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் அந்த உரசல் இன்றும் கேட்கும், ஆங்கில 'டாட்டர்' என்ற சொல்லில் அது போய்விட்டது. சில சொற்களில் ஒலி மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆக மாறியது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபின் எழுத்துமுறை மெல்ல மெல்ல நிலைபெற்றுவிட்டது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. அதனால் இந்தச் சொற்களைக் குழு குழுவாகக் காதில் ஏற்றிக்கொள்வதே சரியான வழி.

ஆனாலும் பாதி விதி ஒன்று உண்டு, அது மிகவும் பயன்படும். நான்கெழுத்துக்குப் பின் உடனே 'டி' வந்தால் 'ஃப்' ஒலி வராது. தாட் (நினைத்தான்), பாட் (வாங்கினான்), ப்ராட் (கொண்டுவந்தான்), ஃபாட் (சண்டையிட்டான்), சாட் (தேடினான்) எல்லாம் ஒரே ஓசை. இந்த உயிரொலி தமிழில் இல்லை. 'ஆ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் நெருங்கிவிடலாம். இந்தக் குழுவில் சேராமல் நிற்கும் முக்கியமான சொல் வறட்சியைக் குறிப்பது. அதைப் பலரும் 'ட்ராட்' என்கிறார்கள். சரியான உச்சரிப்பு 'ட்ரவுட்', கிரிக்கெட்டில் சொல்லும் 'அவுட்' போல. இதில் ஓ-வுக்குப் பதில் ஏ போட்டால் முற்றிலும் வேறு சொல். அதை 'ட்ராஃப்ட்' என்று வாசிக்க வேண்டும், சன்னல் இடுக்கில் நுழையும் குளிர்காற்று என்று பொருள்.

'டி' இல்லாத சொற்களில்தான் சிக்கல் அதிகம். ரஃப், டஃப், இனஃப் மூன்றும் ஒரே ஓசை, யாருக்கும் தொல்லை தருவதில்லை. இருமலைக் குறிக்கும் சொல்லை அதே பழக்கத்தில் 'கஃப்' என்று சொன்னால் அது சட்டைக் கையின் முனைப்பட்டி ஆகிவிடும். ஆங்கிலத்தில் 'காஃபி' என்று சொல்லி, கடைசி இகரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதுதான் இருமல். மாட்டுத் தொட்டியைக் குறிக்கும் 'ட்ராஃப்' இதோடு சேரும். பிசைந்த மாவு 'டோ', அதில் ஜி-யும் எச்-சும் ஊமை. ஏர் 'ப்ளவ்', மரக்கிளை 'பவ்'. ஏரை அமெரிக்காவில் பி-எல்-ஓ-டபிள்யூ என்று எழுதுவார்கள். அங்கே அது சரியான எழுத்துமுறையே. பிரிட்டிஷ் முறையில் எழுதும் கடிதத்தில் கலக்க வேண்டாம். த்ரூ-வை டி-எச்-ஆர்-யூ என்று சுருக்குவது அப்படியல்ல. அது கடைப் பலகைக்கும் குறுஞ்செய்திக்கும் உரியது, தேர்வுத்தாளில் பிழையாகவே எண்ணப்படும்.

எழுத்துப்பிழையில் மிகவும் மோசமானது 'த'-வில் தொடங்கும் நான்கு சொற்களை மாற்றி எழுதுவது. கணினியின் பிழைதிருத்தி இதைத் தவறவிடக்கூடும், ஏனென்றால் நான்குமே அகராதியில் உள்ள சொற்கள். எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். 'தோ' (இருந்தாலும்) ஆறெழுத்து. அதில் முதல் எச்-சுக்குப் பின் ஓர் ஆர் நுழைந்தால் 'த்ரூ' (வழியாக), ஏழெழுத்து. ஆர்-க்கு முன்பும் பின்பும் ஓ வந்தால் 'தரா' (முழுமையான), எட்டெழுத்து. 'தோ'-வின் கடைசியில் டி சேர்ந்தால் 'தாட்', இதுவும் ஏழெழுத்து. "கோப்பைப் படித்துப் பார்த்தேன்" என்பதற்கு 'கான் த்ரூ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கான் தரா' என்று எழுதிய விண்ணப்பங்கள் ஏராளம். கடிதத்தை அனுப்புமுன் தேடல் பெட்டியில் அந்த எட்டெழுத்தையும் தட்டி, வந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது. 'முழுமையான' என்ற பொருள் பொருந்தாத இடத்தில் முதல் ஓ-வை நீக்குங்கள்.

உச்சரிப்பிலும் இந்த நான்கும் ஒன்றல்ல. 'தோ' என்பதன் முதலொலி, நாம் 'அது' என்று சொல்லும்போது நடுவில் வரும் மென்மையான தகரம். மற்ற மூன்றுக்கும் நாக்கு நுனியைப் பல் இடுக்கில் வைத்துக் காற்றை மட்டும் ஊத வேண்டும், தொண்டை அதிரக்கூடாது. 'தரா'-வில் அழுத்தம் முதலசையில் விழும், கடைசி ஆகாரத்தை இழுக்கக்கூடாது. அமெரிக்கர் அதைத் 'தரோ' என்பார்கள்.

அடுத்தது பாட், ப்ராட் குழப்பம். "கடையில் வாங்கினேன்" என்று சொல்ல வந்து "கொண்டுவந்தேன்" என்று எழுதிவிடுவது ஓர் ஆர் செய்யும் வேலை. நிகழ்கால வினையைப் பாருங்கள். 'ப்ரிங்'கில் ஆர் இருக்கிறது, இறந்தகாலத்திலும் இருக்கும். 'பை'யில் இல்லை, அங்கும் வராது. ஓ-வா ஏ-யா என்ற ஐயத்துக்கும் இதே இடத்தில் விடை உண்டு. 'டீச்', 'கேட்ச்' இரண்டின் நிகழ்கால வடிவிலும் ஏ எழுத்து இருப்பதால் இறந்தகாலத்தில் ஏ-யூ-ஜி-எச்-டி வரும். ப்ரிங், பை, ஃபைட், சீக், திங்க் எதிலும் ஏ இல்லை, ஆகவே ஓ. 'டிட் நாட்'டுக்குப் பின் 'ப்ராட்' எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். இறந்தகாலம் 'டிட்'டிலேயே வந்துவிட்டது, பின்னால் 'ப்ரிங்' மட்டும் போதும்.

தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து இறங்கிவரும் பிழைகள் இரண்டு. "ஏழையாக இருந்தாலும், ஆனால் நேர்மையானவர்" என்பதுபோல 'தோ', 'ஆல்தோ' போட்டுத் தொடங்கிய வாக்கியத்தில் மறுபடியும் 'பட்' சேர்ப்பது ஒன்று. இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்றது 'இனஃப்' நிற்கும் இடம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: இனஃப் மணி. பெயரடைக்குப் பின்னால் வரும்: குட் இனஃப். 'இனஃப் குட்' என்பது தவறு.

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போகிறவர்கள் ஊர்ப்பெயர்களையும் கேட்டுக்கொண்டு போகலாம். லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் ஊரை 'ஸ்லஃப்' என்றால் அது பாம்பு சட்டையுரிப்பதைச் சொல்லும் வினை. பல்கலைக்கழகத்துக்குப் பேர்போன லஃப்பரா பெயரில் இந்த நான்கெழுத்து இரண்டு முறை வருகிறது, முதலில் 'அஃப்', பிறகு 'அ'. ஏரியைக் குறிக்கும் அயர்லாந்துச் சொல்லோ 'லாக்'. இங்கே தமிழில் தந்திருக்கும் உச்சரிப்பு கிட்டத்தட்ட மட்டுமே. ஒவ்வொரு சொல்லையும் இணைய அகராதியின் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தி ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு குறிப்பேட்டில் எழுதுங்கள்.