சிறிய நாய்க்கு உண்ணி மருந்து தேர்ந்தெடுக்கும் முறை

பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இன நாய்களுக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்து வாங்குமுன் நாயை எடைபோட்டுப் பார்ப்பதே முதல் வேலை. பெரிய நாய்க்கான குப்பியை வாங்கிப் பாதியை ஊற்றினால் போதும் என்று சிலர் சிக்கனம் பார்ப்பதுண்டு. அளவு சற்றே தவறினாலும் நஞ்சாகிவிடக்கூடிய உடலில் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

கழுத்துப் பின்புறத் தோலில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்தைப் பொதுவாக 8 வாரத்துக்கு மேற்பட்ட குட்டிகளுக்குப் பயன்படுத்தலாம். இட்ட பின் 2 நாள் குளிப்பாட்டக் கூடாது. அபாக்சோலனர், புளூரலனர் வகை மாத்திரைகள் நன்கு வேலை செய்கின்றன என்றாலும், சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. ஆகவே முன்பு வலிப்பு வந்த நாயென்றால் அதைக் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரில் கலந்து பூசும் அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தை, மலிவு என்பதற்காக, சிறிய நாய்க்கு நீங்களாகவே பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த எதையும் தவிர்த்துவிடுங்கள்; அது பூனையின் உயிருக்கே ஆபத்தானது.

எந்த மருந்தானாலும், சுவர் விரிசல்களில் முட்டையிடும் பழுப்பு உண்ணியை ஒழிக்க, நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்தாக வேண்டும். மருந்து கொடுத்த முதல் நாளில் வாந்தி, தள்ளாட்டம், அளவுமீறிய எச்சில் தென்பட்டால், மருந்தின் உறையுடன் நாயை உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.