கிணற்று நீர்மட்டத்தில் இரைச்சலைப் பிடிப்பது எப்படி

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு தோட்டக் கிணற்றில் நீர்மட்டம் அளக்கும் கருவியைப் பூட்டி மூன்றாம் நாள், தோட்டக்கார ஐயா போன் எடுத்தார். "தம்பி, கிணறு மூச்சு விடுது போல கிடக்கு." போய்ப் பார்த்தேன். மோட்டர் ஓடும்போது திரையில் நீர்மட்டம் 50 செக்கனுக்கு ஒருமுறை 5 சென்ரிமீற்றர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு இறக்கிப் பார்த்தேன். தண்ணீர் மெல்லமெல்ல வற்றிக்கொண்டு போனதே தவிர, ஏறவே இல்லை.

5 சென்ரிமீற்றர் சின்ன விஷயமா? எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீருக்கு மேலே மிதக்கிற நன்னீரைத்தான் இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு இருக்கும் என்பது கணக்கு. அப்படியென்றால் 5 சென்ரிமீற்றர் பிழை, அடியில் 2 மீற்றர் நன்னீரைப் பிழையாகச் சொல்லிவிடும். உப்பு எப்போது ஏறும் என்று பார்க்கப் பூட்டிய கருவி அப்படிச் சொல்லக்கூடாது.

உண்மையான அளவோடு கலந்து வரும் இப்படிப்பட்ட பொய் ஆட்டத்தைத்தான் இரைச்சல் என்கிறோம். அது வந்தவுடன் எல்லோரும் புரோகிராமில் சராசரி எடுக்கப் போவார்கள். தயவுசெய்து முதலில் அதைச் செய்யாதீர்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சராசரி எடுத்தால் பிழை போகாது, ஒளிந்துகொள்ளும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மின்தடை போதும். என் சென்சாரின் தடை 3.3 கிலோ ஓம், அதனால் அதே அளவில் ஒன்றை எடுத்தேன். முதலில் சென்சாரிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, அளவைப் படிக்கும் பெட்டியின் உள்ளீட்டிலேயே அந்தத் தடையைப் பூட்டி மோட்டரைப் போட்டேன். அளவு ஆடவில்லை, பெட்டியில் குற்றமில்லை. அப்புறம் கேபிளைப் பூட்டி, கிணற்றடி முனையில் சென்சாருக்குப் பதிலாக அதே தடையை வைத்தேன். ஆட்டம் வந்துவிட்டது. ஆக, சென்சாரும் நல்லது, கேபிள்தான் அன்ரெனா. பெட்டியிலேயே ஆட்டம் இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் பெரிய தொல்லை.

1928இல் ஜோன்சன், நைக்விஸ்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டிய, வெப்பத்தால் தானாகவே எழும் வெப்ப இரைச்சல் எந்தத் தடையிலும் உண்டு. ஆனால் 3.3 கிலோ ஓமில், 10 ஹேர்ட்ஸ் அலைவரிசை அகலத்துக்கு அது 23 நானோவோல்ற் அளவுதான். என் சென்சாரில் 1 சென்ரிமீற்றர் என்பது 0.1 மில்லிவோல்ற், அதாவது அதைவிட நாலாயிரம் மடங்கு. அதை விட்டுவிடலாம்.

சரி, கேபிளுக்கு என்ன நடந்தது? வேலை சுகம் என்று மோட்டர் வயர் போன அதே பைப்புக்குள் 30 மீற்றருக்குச் சென்சார் வயரையும் விட்டிருந்தேன். வெளியே எடுத்து ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோனேன். மோட்டர் வயரைக் கடக்க வேண்டிய ஓரிடத்தில் நேர்குறுக்காகக் கடத்தினேன். இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிய, மேலே உலோக உறை உள்ள வயர் வாங்குங்கள். அந்த உறையைப் பெட்டிப் பக்கம் மட்டும் ஏர்த்தில் தொடுங்கள். இரண்டு பக்கமும் தொட்டால், கிணற்றடி ஏர்த்துக்கும் வீட்டு ஏர்த்துக்கும் உள்ள வோல்ற் வித்தியாசத்தில் உறையிலேயே மின்னோட்டம் ஓடும். எங்கள் செம்மண் மெல்லிய படை, கீழே கல். ஆடி ஆவணியில் மண் காய்ந்தால் ஏர்த் கம்பியின் தடை நன்றாக ஏறிவிடும், அப்போது இந்தத் தொல்லை கூடும். புதிதாக வாங்குவதென்றால் 4 முதல் 20 மில்லிஅம்பியர் தருகிற சென்சாரையே வாங்குங்கள். நீளமான கேபிளில் அதுதான் தாங்கும். நல்லாக இருக்கும்போது 4க்குக் கீழே போகாது என்பதால், வயர் அறுந்து பூச்சியம் காட்டினால் உடனே தெரிந்துவிடும்.

இனி அந்த மூச்சு. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், ஆனால் எப்போதும் சரியாக 50 இல்லை. 50.02 ஆக இருக்கும்போது செக்கனுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கிற கருவி, ஒவ்வொரு முறையும் அலையின் சற்றுத் தள்ளிய இடத்தைப் பார்க்கும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் 50 செக்கன் நீளமான ஒரு போலி அலை. பத்து அளவைச் சராசரி எடுத்தாலும் இது அசையாது. வழி என்னவென்றால், 1 மில்லிசெக்கன் இடைவெளியில் 20 அளவு எடுத்துச் சராசரி பார்ப்பது. 20 மில்லிசெக்கன் ஒரு முழு அலை. மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவது ஒழுங்கில்லாத சிறு ஆட்டம். அதற்குத்தான் நீண்ட சராசரி. 100 அளவு எடுத்தால் ஆட்டம் பத்தில் ஒன்றாகும். இன்னொரு பத்து மடங்கு குறைக்க 10,000 வேண்டும். மோட்டர் போடும் கணத்தில் வரும் குத்துக்குச் சராசரி சரிவராது. ஐந்து அளவை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுங்கள்.

வடிகட்டாத அளவுகளையும் மெமரி கார்டில் சேமியுங்கள். கடலோரக் கிணறுகளில் கடலோடு சேர்ந்து நீர்மட்டமும் ஏறி இறங்கலாம், அது உண்மையான அசைவு. இரைச்சல் என்று நினைத்து வடிகட்டியிருந்தால் திரும்ப எடுக்க முடியாது.

உரும்பிராயில் இப்போது மோட்டர் ஓடும்போதும் ஆட்டம் அரைச் சென்ரிமீற்றருக்குள் நிற்கிறது. முடிச்சுப் போட்ட கயிற்றை ஐயா கப்பியடியிலேயே தொங்கவிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் இறக்கிப் பார்த்து எனக்கு அளவு சொல்கிறார்.