நியூஸ்ரூமும் வீடியோ சேர்வரும் பேசிக்கொள்ளும் மொஸ்: தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து கொழும்புச் செய்திப் பிரிவுகளுக்கு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்காக இது. கன்ட்ரோல் ரூமில் காதில் விழும் சொற்களில் முக்கியமானவை மட்டும்.

செய்தியை எழுதி வரிசைப்படுத்தும் மென்பொருள் என்ஆர்சிஎஸ். ஈஎன்பிஎஸ், ஐநியூஸ் எல்லாம் அந்த வகை. வீடியோவை வைத்திருந்து ஓட்டுவது மீடியா சேர்வர். இரண்டுக்கும் நடுவில் எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் ஓடும் பேச்சுதான் மொஸ், 1998இல் தொடங்கியது. வீடியோ இதன் வழியாகப் போகாது, அதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கிளிப்பின் ஐடி, தலைப்பு, நீளம், நிலை, இவைதான் போகும்.

நுவரெலியாவுக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்துவிட்டது, காட்சி இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். புரொடியூசர் காத்திருக்க மாட்டார், வெறும் பெயரோடு ஒரு பிளேஸ்ஹோல்டரை உருவாக்கி ஸ்டோரிக்குள் போட்டுவிடுவார். அதற்கு ஓப்ஜெக்ட் ஐடி கொடுப்பது சேர்வர். காட்சி வந்து சேரும்வரை 'ஓப்ஜெக்ட் எயார்' என்ற இடத்தில் 'நொட் ரெடி' என்றிருக்கும், வந்ததும் 'ரெடி' ஆகும். முழு புல்லட்டினின் வரிசை ரன்னிங் ஓர்டர், சுருக்கமாக ஆர்ஓ. அதற்குள் ஸ்டோரிகள், ஸ்டோரிக்குள் ஐட்டம்கள். எச்சரிக்கையை மேலே தூக்கினால் அந்த மாற்றமும் மொஸ் வழியாகவே சேர்வரின் பிளேலிஸ்ட்டுக்குப் போகும், யாரும் கையால் மாற்ற வேண்டியதில்லை.

நீளத்தில்தான் பலரும் சறுக்குவார்கள். 'ஓப்ஜெக்ட் டியூரேஷன்', அதாவது கிளிப்பின் நீளம், செக்கனில் வராது, அதை 'டைம் பேஸ்' எண்ணால், அதாவது ஒரு செக்கனுக்கு எத்தனை அலகு என்ற எண்ணால், வகுக்க வேண்டும். நம் நாட்டில் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை, வினாடிக்கு 25 பிரேம், ஆனால் மொஸ் ஆவணம் பாலுக்குச் சொல்லும் டைம் பேஸ் 50. ஆகவே 800 என்று வந்தால் 16 செக்கன். 25ஆல் வகுத்தால் கிளிப் 32 செக்கன் என்று காட்டும், அப்புறம் புல்லட்டின் நேரக் கணக்கே குழம்பிவிடும்.

இணைப்பே வரவில்லையா? பழைய 2.8 வகை மொஸ்ஸில் 10540, 10541 என்ற இரண்டு போர்ட்டும், அதாவது நெட்வேர்க் வாசல்களும், பயர்வோலில் திறந்திருக்கின்றனவா பாருங்கள். கிளிப் விபரம் முதலாவதில், ஆர்ஓ இரண்டாவதில். ஹார்ட்பீட் என்பது 'இருக்கிறாயா' என்று அடிக்கடி கேட்கும் சின்னச் செய்தி, அது போய் வந்தால் லைன் சரி. அதற்குப் பிறகும் ஆர்ஓ போகாவிட்டால் மொஸ் ஐடி (சேர்வரின் பெயர்), என்சிஎஸ் ஐடி (என்ஆர்சிஎஸ்ஸின் பெயர்) இரண்டும் இரு பக்கமும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான், சில நேரம் கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும்!

தமிழ்த் தலைப்பு பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துக் குறியீட்டைச் சந்தேகியுங்கள், 2.8இல் அது யூசிஎஸ்-2 என்ற யூனிகோட் வகை, பிக் எண்டியன், அதாவது பெரிய பைட் முதலில் வரும் வரிசை. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் மொஸ்ஸைத் திட்டாதீர்கள், யாரோ இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டுகிறார். யூனிகோடில் தட்டச் சொல்லுங்கள்.