'தளர்வு' என்று எப்போது எழுதலாம்?

மட்டக்களப்பில் செய்தி எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தளர்த்துவது வேறு, நீக்குவது வேறு. 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அப்புறம் சில மணிநேரம் தளர்த்துவார்கள். சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிட வேண்டும். அதற்கு 'ஊரடங்கு நீக்கம்' என்று தலைப்புப் போட்டால், அதை நம்பிக் காத்தான்குடியில் கடை திறந்தவர் பின்னேரம் பொலிஸில் மாட்டிக்கொள்வார்.

'நடை தளர்ந்தது' என்றால் தளர்ச்சி தானாக வந்தது. கட்டுப்பாடு தானாகத் தளராது, யாரோ தளர்த்துகிறார்கள். ஆகவே யார் தளர்த்தினார்கள், எந்தப் பிரதேசத்தில், எத்தனை மணிவரை என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். 'தளர்வு வழங்கப்பட்டுள்ளது' என்று இழுக்க வேண்டாம். 'தளர்த்தினார்கள்' போதும்.