புது வலைத்தளத்தை டைரக்டரிகளில் சேர்ப்பது எப்படி?

கடைக்கு வலைத்தளம் போட்டதும், எந்தெந்த டைரக்டரியில், அதாவது கடைகளையும் தளங்களையும் பட்டியலிடும் தளங்களில், சேர்க்கலாம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் எப்படி எழுதப் போகிறோம் என்று முடிவு செய்வது.

கோவையில் என் பெரியப்பாவின் கிரைண்டர் சர்வீஸ் கடைக்குத் தளம் போட்டுக் கொடுத்தபோதுதான் இதன் அருமை எனக்குப் புரிந்தது. ஓரிடத்தில் 'ஆர்.எஸ்.புரம்', இன்னோரிடத்தில் 'ரத்தினசபாபதிபுரம்' என்று இருந்தது. 'டி.பி. ரோடு' வேறு எங்கோ 'திவான் பகதூர் சாலை' ஆகியிருந்தது. கோவைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். கணினியோ இரண்டு கடை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரு பதிவில் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர் இருந்தது. கிரைண்டர் நின்றுபோய், ஊறப்போட்ட அரிசியோடு அந்த நம்பரைக் கூப்பிட்டவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் முதல் படியாக ஒரு கோப்பைத் திறந்து இவற்றை எழுதி வையுங்கள்: போர்டில் உள்ளபடியே கடைப் பெயர், பின்கோடு வரை முழு முகவரி, கடை போன் நம்பர், தள முகவரி, திறந்திருக்கும் நேரம். வீட்டு போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். டைரக்டரியில் போட்டது ஊருக்கே தெரியும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு வடிவம் போதும். இனி எங்கே பதிந்தாலும் இதிலிருந்து அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும், நினைவிலிருந்து தட்டக் கூடாது.

அதே கோப்பில் கடையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். 'சிறந்த சேவை, நியாயமான விலை' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. நாங்கள் எழுதியது இது: 'வெட் கிரைண்டர் பழுது பார்க்கிறோம். கல் கொத்தித் தருகிறோம். பெல்ட், மோட்டார் மாற்றுகிறோம். டில்டிங் கிரைண்டருக்கு வீட்டுக்கே வருகிறோம்.' தேடுகிறவர் தட்டும் வார்த்தைகள் இவைதான்.

அடுத்து கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் பதிவு. இலவசம். கடை உங்களுடையதுதானா என்று போன், மின்னஞ்சல், வீடியோ என ஏதாவது ஒரு வழியில் சரிபார்ப்பார்கள். வீடியோ கேட்டால் தெரு, போர்டு, கடை உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் தெரியும்படி எடுங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கோவை பெஸ்ட் கிரைண்டர் ரிப்பேர்' என்றெல்லாம் சேர்க்காதீர்கள். அது கூகுளின் விதிக்கு எதிரானது, பதிவையே முடக்கலாம். கேட்டகரியைப் பொறுமையாகத் தேர்ந்தெடுங்கள். யார் தேடும்போது உங்கள் கடை வரும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம்.

சரி, அது முடிந்ததும் பிங் பிளேசஸ், மைக்ரோசாஃப்டின் பிங் தேடலுக்கான அதே மாதிரிப் பதிவு. கூகுளில் உள்ள விவரங்களை அங்கே அப்படியே இழுத்துக்கொள்ள வசதி இருக்கிறது, சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் ஜஸ்ட்டயல், சுலேகா. மொத்த வியாபாரமோ உற்பத்தியோ என்றால் இந்தியாமார்ட். கட்டணத் திட்டங்களும் உண்டு. தொடக்கத்தில் இலவசப் பதிவே போதும் என்பது என் கருத்து. உங்கள் தொழிலுக்கான சங்கத்தின் தளத்தில் உறுப்பினர் பட்டியல் இருந்தால் அதில் கட்டாயம் இடம் பிடியுங்கள். முகம் தெரியாத நூறு டைரக்டரிகளைவிட அது மேல்.

'500 டைரக்டரியில் சேர்த்துத் தருகிறோம்' என்று வருகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். நானும் ஒருமுறை ஒருவரிடம் பணம் கொடுத்தேன். அவர் தந்த பட்டியலில் பாதித் தளங்கள் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் மனிதர்கள் வந்துபோகும் அடையாளமே இல்லை.

டைரக்டரிகளில் சேர்க்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏமாற மாட்டோம். 1994-இல் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் தொடங்கிய யாஹூ, முதலில் ஒரு டைரக்டரிதான். 1998-இல் வந்த டிமோஸ் டைரக்டரியைத் தன்னார்வலர்கள் ஒவ்வொரு தளமாகப் பார்த்துச் சேர்த்தார்கள். மனிதர் பார்த்துச் சேர்த்ததால், அங்கிருந்து தளத்துக்கு வரும் இணைப்புக்கு (லிங்க்) தேடுபொறிகளிடம் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைக் குறிவைத்துப் போலி டைரக்டரிகள் பெருகின. 2012-இல் கூகுள் தன் தேடலில் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து செயற்கை இணைப்புகளின் பலனைப் பறித்தது. யாஹூ டைரக்டரி 2014-இலும், டிமோஸ் 2017-இலும் மூடப்பட்டன. தரமற்ற டைரக்டரி இணைப்புகளை கூகுள் இன்று ஸ்பேம் என்றே தன் விதிகளில் குறிப்பிடுகிறது.

தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுக்கவும் மறக்காதீர்கள். தளத்தின் பக்கங்கள் கூகுளுக்குத் தெரியவர அதுதான் நேர்வழி.

பதிந்த ஒவ்வொரு இடத்தையும் எக்செல்லில் குறியுங்கள்: தளம், எந்த மின்னஞ்சலில் பதிந்தோம், தேதி. கடை இடம் மாறினால் அன்றைக்கு இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடை போன் நம்பரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடிப் பாருங்கள். நீங்கள் பதியாத இடங்களிலும் கடை இருக்கலாம். பழைய நம்பரையும் அப்படியே தேடுங்கள். பெரியப்பா கடையின் பழைய நம்பர் கண்ணில் பட்டது அப்படித்தான்.