தருமபுரி பட்டு ஊர்களுக்கு ஒரு நாள்: புடவைப் பட்டியலோடு போகாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து பெங்களூரில் இறங்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வருபவர்கள் இருட்டோடு கிளம்பிவிடுங்கள். பட்டுப்புழு கட்டிய கூடுகளை விவசாயிகள் கொண்டுவந்து விற்கும் தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் சூடுபிடிப்பது காலையில்தான். விவசாயியிடம் கேட்டுவிட்டு ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே புழு தட்டும் சத்தம் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் புழு உள்ளேயே செத்து அழுகியிருக்கும், நூலில் கறை ஏறும்.

பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையான புழு மனைக்குப் போவதென்றால் அன்று சென்ட் பூசாதீர்கள், சிகரெட் பிடித்த கையோடு நுழையாதீர்கள். வாசலில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் வைத்திருந்தால் காலை நனைத்துவிட்டே உள்ளே போங்கள். புழு தலையைத் தூக்கி அசையாமல் இருந்தால் அது தோலுரிக்கும் நேரம். புழு இருக்கும் தட்டைத் தொடவே கூடாது. நோய் புகுந்தால் மொத்த வளர்ப்பும் போய்விடும்.

இனி உறவுக்காரர் பட்டியல். "தறிக்கே போறீங்க, பாதி விலைக்குக் கிடைக்கும், சித்திக்கு ஒண்ணு, சம்பந்திக்கு ரெண்டு" என்று ஆரம்பிப்பார்கள். அங்கேயே மறுத்துவிடுங்கள். பெரும்பாலான தறிகள் கூலித் தறிகள். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஜரிகையும் முதலாளி எடை போட்டுக் கொடுத்தவை. நெய்த புடவையும் எடை போட்டுத்தான் திரும்பப் போகும். பல இடங்களில் ஒரு பாவில் மூன்று புடவை வரும். அதில் ஒன்றை உங்களுக்கு அறுத்துக் கொடுத்தால் நெசவாளிக்கு அடுத்த பாவு கிடைக்காது. அவர் தயங்குவதை பேரம் என்று நினைத்து கூட வந்த மாமா ஆயிரம் ஆயிரமாக ஏற்றுவார். வீட்டுக்காரம்மா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். தறி நின்றுவிடும். அன்றைய கூலியும் நின்றுவிடும். ஊரில் இல்லாத வருஷங்களைப் புடவை கொடுத்துச் சரிக்கட்டப் பார்ப்பது நாம். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றக் கூடாது.

புடவை வேண்டுமானால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கடையிலோ ரசீதோடு வாங்குங்கள், சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள். அது பட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. ஜரிகையில் எத்தனை சதவீதம் வெள்ளி என்பதைத் தனியாகக் கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சந்தேகமிருந்தால் முந்தானை ஓரத்தில் இரண்டு இழை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருண்டையாக உருகினால் பாலியஸ்டர்.

தறி வீட்டில் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். டிசைன் முதலாளியுடையது.