ரெஸ்லிங்கில் கே பாத்திரங்கள்: பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ரெஸ்லிங் என்பது கதையும் முடிவும் முன்பே எழுதிவைக்கப்பட்ட தொழில்முறை மல்யுத்தம். அதன் பெரிய அமெரிக்க நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஸ்மாக்டவுன். 2002 செப்டம்பர் 12 அன்று ஒளிபரப்பான ஸ்மாக்டவுனில் ஒரு கல்யாணம் நடந்தது. பில்லி, சக் என்ற டேக் டீம் ஜோடிக்கு, அதாவது ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் இருவருக்குக் கல்யாணம். இருவரும் ஆண்கள். தன்பாலீர்ப்பாளர்களை ஊடகங்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான கிளாட், நல்லது நடக்கப்போகிறது என்று நம்பி முன்கூட்டியே ஆதரவு தந்திருந்தது. சடங்கு முடியும் நேரத்தில் மாப்பிள்ளைகள் பின்வாங்கினார்கள். நாங்கள் கே இல்லை, எல்லாம் விளம்பரத்துக்குத்தான் என்றார்கள். கல்யாணத்தை நடத்திவைக்க வந்த கிழவர் முகத்திலிருந்த ரப்பர் தோலை உரித்தார். உள்ளே இருந்தது எரிக் பிஷாஃப், எதிர் நிகழ்ச்சியான ராவின் ஜெனரல் மேனேஜர். அப்புறம் வழக்கம்போல அடிதடி. பொய் சொல்லி எங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று கிளாட் பகிரங்கமாகவே கொதித்தது.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், ‘அந்தக் காலத்து ரசிகர்கள் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள், அதனால்தான் அப்படி முடித்தார்கள்’ என்பார். நானும் பல வருடம் இதைத் தலையாட்டிக் கேட்டவன்தான். யோசித்துப் பார்த்தால், ரசிகர்களிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. கேட்கும் முன்பே ‘சும்மா சொன்னோம்’ என்று முடித்துவிட்டார்கள். கே பாத்திரங்களைப் பற்றி நாம் பேசும் பேச்சில் இதுபோல நிறையப் பழகிப்போன தவறுகள் உண்டு. நானே செய்தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஆளையும் வேஷத்தையும் ஒன்றாக்குவது

பட்டியல் போடும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கிறது. கோல்ட்டஸ்ட், பேட் பேட்டர்சன், டேரன் யங், ஆன்டனி போவன்ஸ் என்று நான்கு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவோம். நான்கும் நான்கு வேறு கதை.

கோல்ட்டஸ்டாக நடித்த டஸ்டின் ரோட்ஸ் கே அல்ல. தங்க நிற முகப்பூச்சும் எதிராளியைத் தடவிச் சீண்டும் பழக்கமும் முழுக்க வேஷம். பேட்டர்சன் அப்படியே தலைகீழ். 1979இல் முதல் இன்டர்காண்டினென்டல் சாம்பியன், ராயல் ரம்பிள் என்ற போட்டியையே யோசித்துக் கொடுத்தவர். கே என்பது உள்வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பொதுவெளியில் அவர் சொன்னது 2014இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு. இளம் வயதில் உதட்டுச்சாயம் பூசி ‘அழகுப் பையன்’ வேஷம் கட்டியவர் என்பது தனி வேடிக்கை: நிஜமாகவே கே ஆன ஒருவர், கூட்டம் திட்டுவதற்காக ஒரு கேலிச்சித்திரத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

டேரன் யங் 2013 ஆகஸ்டில் வெளிப்படையாகச் சொன்னார். டபிள்யூடபிள்யூஇயில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்ன முதல் வீரர். ஆனால் அவருடைய பாத்திரம் கதைக்குள் கே ஆகவில்லை. பேட்டிகளில் ஓர் ஆள், ரிங்குக்குள் வேறு ஆள். போவன்ஸ் விஷயத்தில் மட்டும்தான் ஆளும் கே, பாத்திரமும் கே, அதை மறைக்கவும் இல்லை. ‘வெளிப்படையான கே பாத்திரம்’ என்று சொன்னால் கறாராக இந்தக் கடைசி வகையைத்தான் சொல்ல வேண்டும். அப்படி எண்ணினால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும்.

பளபளப்பைப் பார்த்ததும் முடிவு கட்டுவது

1940களின் கடைசியில் கார்ஜியஸ் ஜார்ஜ், பொன்னிறச் சுருள்முடியோடும் பட்டு அங்கியோடும் வருவார். கூடவே ஒரு பணியாள், ரிங் முழுக்க வாசனைத் திரவியம் தெளிப்பார். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்பக் காலத்தில் மக்களைப் பெட்டியின் முன் உட்காரவைத்தவர்களில் அவரும் ஒருவர். பிரிட்டனில் ஏட்ரியன் ஸ்ட்ரீட், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன், கண்மையும் மினுமினுப்பும் போட்டுக்கொண்டு முரட்டு ஆண்களை முத்தமிட வந்து வெறுப்பேற்றினார். 1973இல் அந்தக் கோலத்திலேயே அப்பா வேலை பார்த்த சுரங்கத்துக்குப் போய், கரி படிந்த முகங்களுக்கு நடுவே அவர் எடுத்துக்கொண்ட படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜ் மனைவியோடு வாழ்ந்தவர். ஸ்ட்ரீட் தன் வாழ்க்கைத் துணை லிண்டாவோடு சேர்ந்தே ரிங்குக்கு வந்தவர். ஆண்மை என்று கூட்டம் எதை நினைக்கிறதோ அதைச் சீண்டிக் காசு பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான். அதை கே வரலாறு என்று எழுதினால் பாதிதான் சரி.

கூச்சலை அப்படியே அர்த்தப்படுத்திக்கொள்வது

எனக்கு இதுதான் முக்கியமான தவறாகப் படுகிறது. ரெஸ்லிங்கில் கூட்டம் ‘பூ’ என்று கத்துவது ஒரு வேலை. வில்லன், அதாவது ஹீல், அந்தச் சத்தத்தைச் சம்பாதிக்கத்தான் சம்பளம் வாங்குகிறார். ஆகவே ஒருவரைப் பார்த்துக் கத்தினார்கள் என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. எதற்காகக் கத்தச் சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

கோல்ட்டஸ்ட் - ரேஸர் ரமோன் பகை இதற்கு நல்ல பாடம். 1996 ராயல் ரம்பிளில் கோல்ட்டஸ்ட் பட்டத்தை வென்றார். அதற்கு முந்தைய வாரங்களில் அவருடைய ஆயுதம் காதல். ரமோன் மேல் மோகம் கொண்டவர்போலப் பின்தொடர்வார். நாயகன் அருவருப்பில் முகம் சுளிப்பார். கூட்டம் யாரைப் பார்த்து நடந்துகொள்ளும்? நாயகனைப் பார்த்துத்தான். அவர் அருவருத்தால் அரங்கமும் அருவருக்கும், அசிங்கமான வசைச்சொற்களோடு. அதே ஆண்டின் இறுதியில் கோல்ட்டஸ்டை நல்லவராக மாற்ற வேண்டிய கட்டம் வந்தது. வர்ணனையாளர் ஜெர்ரி லாலர் அவர் முகத்துக்கு நேரே ‘நீ அந்த மாதிரியா?’ என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஓர் அடி. கைதட்டல். கே என்ற சந்தேகம் இருக்கும்வரை வில்லன், மறுத்த நிமிடமே நாயகன். அந்தக் கணக்கை எழுதியவர்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். கூட்டம் தனக்குக் கொடுத்த வேலையைச் செய்தது.

கூட்டத்தை முழுக்க அப்பாவியாக்கவும் எனக்கு விருப்பமில்லை. அந்த வசைச்சொற்களை யாரும் அவர்கள் கையில் எழுதிக் கொடுக்கவில்லை. இருக்கிற வெறுப்பைத் தட்டி எழுப்பிக் காசாக்கினார்கள் என்பதே நியாயமான வாக்கியம். 1986இல் தோல் ஜாக்கெட் முரடனாக இருந்த ஏட்ரியன் ஏடோனிஸுக்குத் திடீரென்று ரிப்பனும் ரோஜா நிறமும் மாட்டி, மறு வருடம் மூன்றாவது ரெஸ்ஸில்மேனியாவில் ராடி பைப்பரிடம் தோற்கவைத்து முடியை வெட்டியதும் இதே கடைச்சரக்குதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டபிள்யூடபிள்யூஇயின் போட்டி நிறுவனமான ஏஇடபிள்யூவில் 2020 பிப்ரவரியில் ரிஹோவை வீழ்த்தி மகளிர் சாம்பியன் ஆன நைலா ரோஸ் ஒரு திருநங்கை. அவர் ஹீல். மேசையில் ஆட்களைப் போட்டு உடைப்பவர், எல்லோரையும் நொறுக்குபவர். அரங்கத்தில் அவருக்குக் கிடைத்த ‘பூ’ அந்த முரட்டுத்தனத்துக்கு. அதைக் கேட்டுவிட்டு ரசிகர்கள் இன்னும் திருந்தவில்லை என்று எழுதுவது அவசரம். பாலின அடையாளத்தைத் தொடாமலே ஒரு திருநங்கையை நல்ல வில்லியாக்க முடிகிறது என்பதல்லவா அங்கே செய்தி? சிறுபான்மை அடையாளம் கொண்ட பாத்திரம் என்றால் கட்டாயம் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதும் ஒரு சிறைதான். ரெஸ்லிங்கில் சுவையான வேலையெல்லாம் வில்லன்களிடம்தான் இருக்கிறது.

‘ரசிகர்கள் இன்னும் தயாராக இல்லை’

இதைச் சொல்பவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் கதை எழுதுபவர், அல்லது அவருக்காக வாதாடுபவர். டேரன் யங் வெளிப்படையாகப் பேசிய பிறகு அரங்கங்கள் காலியாகவில்லை. 2015 ஜூனில் அவரும் டைட்டஸ் ஓ’நீலும் டேக் டீம் பட்டத்தை வென்றபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. பிறகு ஃப்ரெட் ராஸர் என்ற தன் சொந்தப் பெயரில் நியூ ஜப்பான் நிறுவனத்தின் அமெரிக்க நிகழ்ச்சியான ஸ்ட்ராங்கில் 2022இல் பட்டம் வென்றார். தயாராக இல்லாதது யார் என்பது இன்னும் எனக்குக் கேள்விதான்.

அதே 2022இல் நடந்தது இன்னும் தெளிவு. செப்டம்பர் 4 அன்று சிகாகோ அருகே ஏஇடபிள்யூவின் ஆல் அவுட் நிகழ்ச்சி. ஆன்டனி போவன்ஸும் மேக்ஸ் காஸ்டரும் சேர்ந்த தி அக்லெய்ம்ட் ஜோடிக்குக் கூட்டம் எதிர்பாராத அளவுக்குக் கத்தியது. திட்டமிட்டபடி அன்று தோற்றார்கள். அரங்கம் ஏமாந்தது அப்பட்டமாகக் கேட்டது. பதினேழு நாள் கழித்து நியூயார்க்கில் மறுபோட்டி, பட்டம் அவர்கள் கையில். இங்கே கூட்டம் முன்னால் ஓடியது, எழுதுபவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்கள். போவன்ஸ் கே என்பது ரகசியமே அல்ல. அந்த ஜோடியைப் பிடித்ததற்குக் காரணம் மட்டும் அது அல்ல. காஸ்டரின் ராப், போவன்ஸின் ‘எல்லோருக்கும் பிடிக்கும்’ முழக்கம், இரண்டு விரல்களைக் கத்தரிபோலக் கோத்துக்கொள்ளும் அசட்டுச் சைகை. சிரிக்கவைத்தார்கள், நன்றாகவும் ஆடினார்கள்.

டபிள்யூடபிள்யூஇதான் உலகம் என்று எழுதுவது

மெக்சிகோ பாணி ரெஸ்லிங்கான லூச்சா லிப்ரேயில் எக்ஸோட்டிகோ என்ற மரபு 1940களிலிருந்தே இருக்கிறது. முதலில் பெண்மை கலந்த வேஷம் கட்டிய ஆண்கள். 1980களின் பிற்பகுதியில் பிம்பினெலா எஸ்கார்லாட்டா, மே ஃபிளவர்ஸ், காசாண்ட்ரோ போன்றவர்கள் அந்த வேஷத்தை எடுத்து, ஆமாம், நாங்கள் நிஜமாகவே கே என்று சொல்லி உள்ளிருந்தே மாற்றினார்கள். டெக்சஸ் எல்லை நகரமான எல் பாசோவில் பிறந்த காசாண்ட்ரோ, 1991இல் எல் இஹோ டெல் சான்ட்டோவை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. முகமூடி வீரர் எல் சான்ட்டோ மெக்சிகோவில் சாமி மாதிரி. அவர் மகனோடு ஒரு எக்ஸோட்டிகோவா என்று எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வாரம் முன்பு தான் தற்கொலைக்கு முயன்றதைக் காசாண்ட்ரோவே பின்னாளில் பேசியிருக்கிறார். பிழைத்து வந்து ஆடினார். அடுத்த ஆண்டு யுடபிள்யூஏ என்ற மெக்சிகோ நிறுவனத்தின் லைட்வெயிட் உலகப் பட்டம். எக்ஸோட்டிகோ என்றால் கோமாளி என்ற கணக்கைக் கயிற்றின் மேலிருந்து பாய்ந்தே மாற்றினார்.

ஜப்பானின் டிடிடி நிறுவனத்தில் டான்ஷோகு டினோ வேறு ரகம். எதிராளிகளையும் பார்வையாளர்களையும் முத்தமிடத் துரத்துவதுதான் அவர் காமெடி. ரசிகர்கள் அலறிச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கே என்றால் மேலே விழுபவர் என்ற பழைய பயம்தான் அதன் எரிபொருள். அதே நிறுவனத்தில் 2009இல் உருவான கென்னி ஒமேகா - கோட்டா இபுஷி ஜோடியின் கதை காதலா நட்பா என்று சொல்லாமலே நகர்ந்தது. 2018இல் பிரிவுக்குப் பின் இருவரும் கட்டிப்பிடித்தபோது அரங்கத்தில் அழுதவர்களை நீங்களும் காணொளியில் பார்த்திருக்கலாம். யாரும் அருவருக்கவில்லை. அமெரிக்கச் சிறு மேடைகளில் 2020இல் எஃபி என்ற வீரர் தொடங்கிய ‘பிக் கே பிரஞ்ச்’ இன்னும் ஒரு படி மேலே போனது. பெரும்பாலும் பால்புதுமையினரே, அதாவது எல்ஜிபிடி மக்களே, ஆடும் நிகழ்ச்சி என்பதால் அங்கே கே என்பது தனிக் கிமிக்காக, பாத்திரத்தை அடையாளம் காட்டும் வித்தையாக, எடுபடாது. வேறு ஏதாவது கொண்டுவர வேண்டும்.

சில்லறைத் தவறுகள்

‘முதல்’ பட்டம் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். எந்த நிறுவனத்தில், எந்தக் காலத்தில், ஆளா பாத்திரமா என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த ‘முதல்’ பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

வானவில் சட்டையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 2018 ரெஸ்ஸில்மேனியாவில் ஃபின் பாலர் என்ற வீரர் பால்புதுமையினர் சூழ நுழைந்தது அழகான காட்சி. ஆனால் கதையில் அவர்களுக்குப் பங்கு எதுவும் இல்லை, நுழைவாயிலோடு சரி.

அப்புறம் சொல். ஓரினச்சேர்க்கையாளர் என்று எழுதினால் ஓர் ஆளைப் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறோம். தன்பாலீர்ப்பாளர் என்ற சொல் இருக்கிறது, கே என்றாலும் எல்லோருக்கும் புரியும்.

முதலில் சொன்ன கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளைகளில் ஒருவரான பில்லி, அதாவது பில்லி கன், இருபது வருடம் கழித்து நரைத்த தாடியோடு அக்லெய்ம்ட் ஜோடிக்கு அப்பா மாதிரி வந்து சேர்ந்தார். 2023இல் ஒரு காட்சியில் ஹார்லி கேமரன் என்ற பெண் போவன்ஸை மயக்கப் பார்த்தார். போவன்ஸ் சாவகாசமாக, ‘நான் கே’ என்றார். ஒரு கணம் கழித்து அரங்கமே ‘ஹீ இஸ் கே’ என்று தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தது. அது வசை அல்ல, உற்சாகம். அவருக்கே சிரிப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னிலையில், போவன்ஸும் காஸ்டரும் பில்லி கன்னும் மூவர் அணிப் பட்டத்தை வென்று, விரல்களைக் கத்தரிபோலக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.